நாளுக்கு அரை மணி, கிழமைக்கு ஒரு பின்னேரம்: ஆன்ம நலத்துக்கு எதைத் தெரிவது?

வேலை, பிள்ளைகளின் பாடசாலை வான், காலி வீதி நெரிசல், ஞாயிறு ரியூசன் எல்லாம் போக, கொழும்பில் வாழும் ஒரு கிறிஸ்தவருக்கு மிஞ்சுவது நாளில் அரை மணியும் கிழமையில் ஒரு பின்னேரமும்தான். அந்த நேரத்தைக் கேட்டு வரும் அழைப்புகளுக்கோ குறைவில்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் நவநாள், புதன்கிழமை பொரளை சகல புனிதர் ஆலயத்தில் சதா சகாய மாதா நவநாள், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம், பங்கில் அயல் வீட்டார் கூடும் அன்பியக் கூட்டம், சபையில் வீட்டுக்கூட்டம். இவற்றுக்கு மேல் கைபேசியில் இடைவிடாமல் ஓடும் பிரசங்கங்கள். எல்லாவற்றுக்கும் ஓடுகிறவர் சில மாதங்களில் களைத்துப்போய் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுவிடுகிறார். ஆகவே தெரிந்தெடுக்கத்தான் வேண்டும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலானோருக்கு அடித்தளம் இரண்டு: நாளாந்தம் 20 நிமிடத் தனித் தியானம், இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆறு முதல் எட்டுப் பேர் கூடும் சிறு குழு. மற்றவை எல்லாம் இந்த இரண்டும் நிலைத்த பிறகு. தனியாக ஜெபிக்கிறவருக்கு வார்த்தை கிடைக்கிறது, ஆனால் அவர் எப்படி இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. கூட்டங்களுக்கு மட்டும் போகிறவருக்கு உற்சாகம் கிடைக்கிறது, ஆனால் வீட்டுக்கு வந்ததும் தேவனோடு கதைக்க அவருக்கு வார்த்தை இல்லை. விதிவிலக்குகளும் உண்டு. சிலருக்கு முதல் தேவை ஆலோசகர், சிலருக்குக் குடும்ப ஜெபம், சிலருக்கு வெறும் ஓய்வு.

முதலில், எங்கே நோகிறது?

எதையும் தெரிவதற்கு முன் ஏழு இரவுகள் படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம சோதனை ஐந்து படி கொண்டது. கிடைத்ததற்கு நன்றி சொல்வது; உள்ளதை உள்ளபடி காண வெளிச்சம் கேட்பது; காலையிலிருந்து அன்றைய பொழுதை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்ப்பது; தவறியதற்கு மன்னிப்புக் கேட்பது; அடுத்த நாளுக்கு ஒரு சிறு தீர்மானம் எடுப்பது. பிறகு ஒரு கொப்பியில் இரண்டே வரி எழுதுங்கள்: இன்று எந்த நேரத்தில் தேவனுக்கு அருகில் இருந்தேன், எந்த நேரத்தில் விலகிப் போனேன். ஏழு நாள் எழுதியதைச் சேர்த்து வாசித்தால் நோவின் இடம் தெரியும்.

வாசித்தும் ஒன்றும் மனதில் ஒட்டவில்லை என்றால், பெரும்பாலும் அளவு கூடிப்போயிருக்கும் அல்லது கைபேசி குறுக்கே நிற்கும். ஜெபம் முழுவதும் வேலை, விசா, பரீட்சை என்று விண்ணப்பமாகவே இருந்தால், கேட்பதற்கு இடமே விடப்படவில்லை. ஒரே பெயர் ஏழு நாளும் "விலகிப் போனேன்" வரியில் வந்தால், அங்கே மன்னிக்கப்படாத ஒன்று கிடக்கிறது. எழுதவே கை கூசும் ஒரு விடயம் இருந்தால், அதை ஒரு மனிதரிடம் சொல்லாமல் வேறு எந்தப் பயிற்சியும் வேலை செய்யாது. பாடகர் குழுவை நடத்துகிறவர், ஞாயிறு பாடசாலை ஆசிரியர், போதகரின் மனைவி போன்றோருக்கு வருவது வேறு நோய்: கொடுத்துக்கொண்டே இருப்பதால் வரும் களைப்பு. அவர்களுக்கு இன்னொரு கூட்டத்தைப் பரிந்துரைப்பது கொடுமை.

இன்னொன்றையும் இந்த இடத்திலேயே சொல்லவேண்டும். இரண்டு கிழமைக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, பசி குறைந்து, பிடித்த எதிலும் விருப்பமில்லாமல், சாவைப் பற்றிய எண்ணம் வந்து போனால், அதை விசுவாசக் குறைவு என்று எண்ணவேண்டாம். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவைத் தூதன் கண்டிக்கவில்லை. சாப்பிடக் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடக் கொடுத்தான். தேவனுடைய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

தனித் தியானம்: மலிவானது, முதலில் உடைவதும் அதுவே

ஜனவரி 1ஆம் திகதி ஆதியாகமத்தில் தொடங்கி ஒரு வருடத்தில் முழு வேதத்தையும் முடிக்கும் திட்டம்தான் அதிகம் பேர் எடுப்பது. கணக்கு எளிது. பழைய, புதிய ஏற்பாடுகளில் சேர்ந்து 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து வாசித்தால் வருடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஆதியாகமத்துக்கு 50, யாத்திராகமத்துக்கு 40 அதிகாரங்கள். ஆகவே ஜனவரி முடிகிற நேரத்தில் லேவியராகமத்தின் பலி முறைகளுக்குள் நுழைகிறீர்கள். அதே நேரத்தில் விடுமுறைத் தளர்வு முடிந்து வேலை நெருக்குகிறது. ஒரு நாள் விட்டால் ஆறு அதிகாரம், இரண்டு நாள் விட்டால் ஒன்பது. கடன் ஏறுகிறது, குற்ற உணர்வு ஏறுகிறது, புத்தகம் மூடப்படுகிறது. பழுது மனிதரில் இருப்பதைவிடத் திட்டத்தில்தான் அதிகம்.

இதைவிட நிலைக்கும் திட்டம் ஒன்று உண்டு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 கிழமை. சனிக்கிழமை விட்டதைப் பிடிக்கலாம் அல்லது அந்தக் கிழமையில் மனதைத் தொட்ட பகுதியைத் திரும்ப வாசிக்கலாம். ஞாயிறு ஆலயத்தில் வாசிக்கப்படும் பகுதியே போதும். ஒரு கிழமை முழுவதும் விடுபட்டால் பின்னால் போகவேண்டாம், அன்றைய அதிகாரத்திலேயே சேர்ந்துகொள்ளுங்கள். ஜெபத்துக்குச் சொல் வராதவர்களுக்குச் சங்கீதம். நாளுக்கு ஐந்து வீதம் 150 சங்கீதங்களும் 30 நாளில் முடியும். அங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே அவற்றைக் காலை மாலையாக ஒரு மாதத்துக்குப் பிரித்து வைத்திருக்கிறது. கத்தோலிக்கர் திருப்பலியின் அன்றாட வாசகங்களையே எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுற்றிலும் வார நாள் வாசகங்கள் இரண்டு வருடச் சுற்றிலும் வருகின்றன. தனியாகத் திட்டம் போடும் வேலை மிச்சம், நாடெங்கும் அதே பகுதியை வாசிக்கிறவர்களோடு சேர்ந்து வாசிக்கும் பலமும் உண்டு.

அந்த 20 நிமிடத்தை எப்படிச் செலவிடுவது? 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ வகுத்த நான்கு படிகள் இன்றும் போதும்: வாசி, அசைபோடு, மன்றாடு, அமைதியாக இரு. மாற்கு 10:46–52, பர்திமேயுவின் பகுதியை எடுப்போம். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாமல் உட்காருங்கள். வானின் ஹோன் சத்தம், அடுத்த வீட்டுக் குழாய்ச் சத்தம் எல்லாம் கேட்கட்டும், அவற்றோடு சண்டை வேண்டாம். பிறகு ஏழு வசனத்தையும் வாய்விட்டு, காதுக்குக் கேட்கும்படி, மெதுவாக இரண்டு தரம் வாசியுங்கள். இதற்கு நான்கு நிமிடம். இரண்டாம் தரம் வாசிக்கையில் எங்கோ ஒரு இடத்தில் மனம் தட்டும். "தன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு" என்ற இடத்தில் தட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீதியோரம் பிச்சை எடுத்த குருடனுக்குப் போர்வையும் பாயும், காசு ஏந்தும் துணியும் ஒருவேளை அந்த ஒரே வஸ்திரம்தான். பார்வை கிடைக்கும் முன்பே அதை எறிந்தான். ஆறு நிமிடம் அதிலேயே நில்லுங்கள்: எதை எறிய எனக்குப் பயம்? அடுத்த ஐந்து நிமிடம் அதைப் பற்றியே இயேசுவோடு கதையுங்கள். வேறு விண்ணப்பங்களுக்கு வேறு நேரம் இருக்கிறது. கடைசி மூன்று நிமிடம் மறுபடி அமைதி, முடிவில் கொப்பியில் ஒரு வரி. நாள் முழுவதும் எடுத்துப்போக அந்த ஒரு வரி போதும்.

எந்த மொழிபெயர்ப்பு என்பதும் சின்ன விடயமல்ல. பழைய திருப்புதலின் வசனங்கள் மனப்பாடத்துக்கு இனிமையானவை, மூத்தவர்களின் ஜெபமே அந்தச் சொற்களால் ஆனது. முதல் தடவை வாசிக்கிறவருக்கு, குறிப்பாக ஆங்கில மொழி மூலம் படித்த பிள்ளைகளுக்கு, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விரைவில் விளங்கும். அச்சுப் புத்தகமாக வைத்திருங்கள். கொள்ளுப்பிட்டியில் இலங்கை வேதாகமச் சங்கத்தில் கிடைக்கும். கைபேசியில் வாசிப்பதானால் விமான நிலைக்கு மாற்றிவிட்டே திறவுங்கள். ஒரு வட்ஸ்அப் செய்தி மேலே எட்டிப் பார்த்ததும் அன்றைய தியானம் முடிந்துவிடும்.

நேரம்: ஐந்து மணிக்கு எழுவதே பரிசுத்தம் என்று சட்டமில்லை. ஆறு மணிக்கு வான் வரும் வீட்டில் அம்மாவுக்கு உகந்தது, எல்லாரும் போனபின் எட்டு மணி. இரவுச் சிப்ட் செய்கிறவருக்கு வேலையிலிருந்து வந்து குளித்த உடனே. 100ஆம், 101ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி ஒலி வேதாகமம் கேட்பது நல்லதுதான்; ஆதியாகமம், சாமுவேல், அப்போஸ்தலர் போன்ற நீண்ட வரலாறுகளுக்கு அது பொருந்தும். அசைபோடும் தியானத்துக்குப் பொருந்தாது.

சிறு குழு: நேரம் குறைவு, துணிவு அதிகம் வேண்டும்

1742இல் பிரிஸ்டலில் ஒரு கட்டடக் கடனை அடைக்க, ஜோன் வெஸ்லியின் சபையார் பன்னிரண்டு பேருக்கு ஒருவராகப் பொறுப்பு எடுத்துக் கிழமைக்கு ஒரு பென்னி சேர்க்கத் தொடங்கினார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவர்களுக்கு, அந்த வீடுகளில் நடப்பது எல்லாம் தெரியவந்தது. அப்போதுதான் வெஸ்லிக்கு விளங்கியது, ஆத்துமாக்களைப் பராமரிக்க இதுவே வழி என்று. மெதடிஸ்த வகுப்புக் கூட்டம் அப்படித்தான் பிறந்தது. அதன் மிஷனரிகள் 1814இல் இலங்கைக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். இன்று சபைகளின் வீட்டுக்கூட்டமும் கத்தோலிக்கப் பங்குகளின் அன்பியமும் செய்யக்கூடிய வேலை அதே வேலைதான்: உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று ஒருவர் உன்னிடம் முகம் பார்த்துக் கேட்பது.

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் 6.45க்குத் தொடங்கும் குழு 8 மணிக்கு முடியவேண்டும். அதற்குப் பிறகு பெண்கள் பஸ்ஸில் மட்டக்குளிக்கோ தெமட்டகொடைக்கோ திரும்புவது சிரமம், மேல் மாடிப் பிள்ளைகளுக்குப் படிக்கவும் வேண்டும். 75 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். பாட்டு ஒன்று, ஒலிபெருக்கி இல்லாமல், ஐந்து நிமிடம். ஒரு சிறு பகுதியை இரண்டு பேர் வாசித்து, மூன்றே கேள்விகளில் 25 நிமிடம்: இதில் தேவன் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார், மனிதர் எப்படித் தெரிகிறார், இந்தக் கிழமை நான் என்ன செய்யப்போகிறேன். அடுத்த 30 நிமிடம் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து, ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும், போன தடவை சொன்னது என்னவாயிற்று என்று கேட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது. பிறகு எல்லாரும் சேர்ந்து ஜெபித்து முடிவு. கடைசிப் பத்து நிமிடம் பிளேன் ரீயும் பிஸ்கட்டும்.

அந்த பிளேன் ரீ விடயத்தில் உறுதியாக இருங்கள். முதல் வீட்டில் பிஸ்கட், இரண்டாம் வீட்டில் ரோல்ஸும் பற்றிஸும், மூன்றாம் வீட்டில் இடியப்பமும் கோழிக்கறியும் என்று போனால், வாடகை அறையில் இருப்பவர் தன் முறை வரும் கிழமை வராமல் நிற்பார். பல குழுக்கள் உபதேசத்தில் உடைவதில்லை, இப்படித்தான் உடைகின்றன. சீட்டுப் பிடிப்பதும் அப்படியே. நம்பிக்கையான ஆட்கள்தானே என்று குழுவுக்குள் சீட்டுத் தொடங்கினால், ஒருவர் காசு கட்டத் தவறும் மாதத்தில் ஜெபமும் நின்றுபோகும். கடன், சீட்டு, வியாபாரம் மூன்றும் குழுவுக்குள் வேண்டாம் என்று முதல் நாளே பேசி வையுங்கள்.

மிகவும் ஆபத்தானது ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் வரும் ஊர்க்கதை. "அந்த அக்காவின் மகளுக்காக ஜெபிக்கவேணும்" என்று தொடங்கி முழு விவரமும் வெளியே வரும், இரவே வட்ஸ்அப்பில் மூன்று குழுக்களுக்குப் போய்விடும். ஒரு விதி வையுங்கள்: ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மட்டும் சொல்லலாம், இங்கே சொன்னது எழுத்தில் வராது. இதை மீறியவரிடம் தலைவர் தனியாகக் கதைக்காவிட்டால், அடுத்த மாதம் எல்லாரும் பரீட்சையையும் தடிமன் காய்ச்சலையும் மட்டும் சொல்வார்கள். எட்டுப் பேருக்கு மேலானாலும் அதே கதைதான். அமைதியானவர் வாய் திறக்கமாட்டார். பன்னிரண்டு ஆகுமுன் இரண்டாகப் பிரியுங்கள்.

நவநாளும் பெருங்கூட்டமும்

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே தமிழரும் சிங்களவரும், கிறிஸ்தவரல்லாதவர்களும் ஒரே வரிசையில் மெழுகுதிரியோடு நிற்பார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த அதே ஆலயத்துக்கு மக்கள் திரும்பி வந்தது அந்த நவநாளின் பலத்துக்குச் சாட்சி. தான் தனி ஆள் இல்லை, பெரியதொரு கூட்டத்தில் ஒருவன் என்ற உணர்வை வேறு எதுவும் இப்படித் தராது. துக்கத்தில் இருப்பவருக்கும், சொந்தமாக ஜெபிக்க முடியாத அளவு உடைந்தவருக்கும் மற்றவர்களின் ஜெபம் தூக்கிச் செல்லும் இடம் இது. சுவிசேஷ சபைகளின் உபவாசக் கூட்டத்துக்கும் இதே பலம் உண்டு.

குறை, ஒருவரும் உங்களைத் தேடமாட்டார்கள். நான்கு கிழமை வராவிட்டாலும் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. நேர்த்தி வைத்து நிறைவேறினால் வருவது, நிறைவேறாவிட்டால் வேறு இடம் பார்ப்பது என்று தேவனோடு கொடுக்கல் வாங்கல் ஆகிவிடுவது இரண்டாவது. முழு இரவு ஜெபத்துக்கு வெள்ளி இரவு விழித்தவர் சனிக்கிழமை வேலைத்தலத்தில் எரிந்து விழுவதும், ஞாயிறு ஆராதனைக்கு எழும்பாமல் விடுவதும் மூன்றாவது. ஆகவே மாதத்துக்கு ஒன்று போதும், அடுத்த நாள் விடுமுறையாக இருந்தால் மட்டும் முழு இரவு.

எங்கே போனாலும் மூன்று விடயங்களைக் கண்டால் வெளியே வந்துவிடுங்கள்: மருந்தை நிறுத்தச் சொல்வது, ஆசீர்வாதத்துக்கு இவ்வளவு காணிக்கை என்று தொகை சொல்வது, கனடாவுக்குப் போ, இவரைக் கலியாணம் செய் என்று உங்கள் வாழ்க்கை முடிவைத் தீர்க்கதரிசனமாகச் சொல்லி, அதைச் சோதிக்க இடம் தராமல் விடுவது. பவுல் சொன்னதையே வேதத்தில் ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. நீங்கள் சோதித்துப் பார்ப்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

குடும்ப ஜெபம்

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்தபின், 1687இல் யோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை ஏறக்குறைய ஒரு தலைமுறை குரு இல்லாமல் இருந்தது. விசுவாசம் அணையாமல் கிடந்தது வீடுகளில். 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தியபோது கூடியவர்களில் எத்தனையோ குடும்பங்கள் அந்த வீட்டு ஜெபத்தின் வாரிசுகள்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் சிறு குழுவைவிட இதற்கே முதலிடம். ஆனால் 12 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஒரு பாட்டின் ஒரு சரணம், ஒரு சங்கீதத்தை ஆளுக்கு இரண்டு வசனமாக வாசிப்பது, ஒவ்வொருவரும் ஒரு நன்றி, ஒரு விண்ணப்பம், கர்த்தருடைய ஜெபம். தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை எல்லார் முன்னும் திருத்தவேண்டாம். அவர் ஆங்கிலத்திலேயே ஜெபிக்கட்டும், பாட்டைத் தமிழில் பாடட்டும். செபமாலை சொல்லும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மாலையின் பத்து மணிகள் மட்டும் போதும், 53 மணிகளையும் ஞாயிறுக்கு வைக்கலாம். பெரிய தவறு, அப்பா அன்றைய பகுதியை எடுத்துப் பிள்ளையின் கணித மார்க்கைக் கண்டிப்பது. இரண்டு தரம் அப்படி நடந்தால் அந்தப் பிள்ளைக்கு வேதம் ஒரு பிரம்பு. கணவனோ மனைவியோ சைவராக இருக்கும் வீட்டில் கட்டாயம் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் ஒரு நன்றி சொல்வதில் தொடங்கலாம்.

ஆலோசகரும் பாவசங்கீர்த்தனமும்

எழுதக் கை கூசிய விடயம் உள்ளவருக்கு இதுவே முதல் படி. தனித் தியானமும் குழுவும் அதற்குப் பின். பாவம் இரகசியத்தில்தான் பலம் பெறுகிறது என்பதை இஞ்ஞாசியார் தெளிவாகக் கண்டிருந்தார்: தன் வேலையை ஒரு நல்ல வழிகாட்டி அறியக்கூடாது என்பதே சோதனைக்காரனின் விருப்பம். கத்தோலிக்கருக்கு வழி தயாராகவே இருக்கிறது: குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம். திருச்சபைச் சட்டம் சாவான பாவத்தை வருடத்துக்கு ஒரு தரமாவது அறிக்கையிடக் கேட்கிறது, குரு எக்காரணம் கொண்டும் அதை வெளியிட முடியாது. ஆறு கிழமைக்கு ஒரு தரம், இயன்றவரை ஒரே குருவிடம் போனால், திரும்பத் திரும்ப வருவது என்னவென்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மற்றச் சபையினர் யாக்கோபு 5:16ஐ நம்பி, முதிர்ந்த ஒரு விசுவாசியிடம் அதே ஒழுங்கோடு போகலாம்.

ஆளைத் தெரிந்தெடுக்கும்போது பாருங்கள்: அவர் கதைப்பதைவிடக் கேட்பது அதிகமா, பிறர் இரகசியத்தை உங்களிடம் சொல்கிறாரா, உங்கள் வேலைக்கோ வருமானத்துக்கோ அவர் மேலாளா. ஆணும் பெண்ணும் பூட்டிய அறையில் தனியாகச் சந்திக்கவேண்டாம். ஒரு சந்திப்புக்கு 45 நிமிடம் போதும். போகும்போது நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள்: ஜெபம் எப்படி, விழுந்தது எங்கே, வீட்டில் யாரோடு மனத்தாங்கல், முன்னால் இருக்கும் முடிவு என்ன. எல்லா முடிவையும் அவரையே எடுக்கச் சொன்னால் அது வழிகாட்டல் ஆகாது. நல்ல ஆலோசகர் அந்தக் கேள்வியை உங்களிடமே திருப்பித் தருவார்.

யூடியூப் பிரசங்கம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சமைக்கும்போது கேட்கலாம், நோயில் கிடப்பவருக்கும் வெளியே போக முடியாத முதியவருக்கும் அது பெரிய கொடை. மற்றவர்களுக்குக் கிழமைக்கு ஒன்று, கேட்டதில் ஒரு வரியை ஒருவரிடம் சொல்வது என்ற அளவில் நிற்கட்டும். அடுத்தடுத்து ஓடவிட்டால் கேட்டது எதுவும் செய்யப்படாது.

யாருக்கு எது

வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கும் இளைஞருக்குக் குழுதான் முதலில். ஊரில் அம்மா எழுப்பி ஜெபிக்க வைத்த பழக்கம் கொழும்பின் தனிமையில் நிற்காது. கேட்கிற ஆட்கள் கிடைத்தால் காலைத் தியானம் தானாக வரும். கைக்குழந்தை உள்ள தாய்க்கு நாளுக்கு ஒரு சங்கீதம், கிழமைக்கு ஒரு தரம் கணவர் குழந்தையைப் பார்க்க ஒரு மணி நேரத் தனிமை. இதற்கு மேல் கேட்கிறவர்கள் அவளுடைய நிலையை அறியாதவர்கள். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்கு நேரம் உண்டு, ஆள்தான் இல்லை. அவர்கள் வீட்டிலேயே குழுவைக் கூட்டலாம், நவநாளுக்கும் ஒன்றாகப் போகலாம். சைவக் குடும்பத்திலிருந்து புதிதாக விசுவாசத்துக்கு வந்தவருக்கு மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்கள், கூட இருந்து வாசிக்க ஒரு ஆள். பெருங்கூட்டம் அவருக்குக் கடைசியில் வரட்டும். ஊழியக் களைப்பில் இருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒரு பொறுப்பையாவது இறக்கி வைக்கட்டும், போதகர் அதற்கு இடம் கொடுக்கவேண்டும்.

தெரிந்தெடுத்ததை எட்டுக் கிழமை மாற்றாமல் செய்யுங்கள். நான்காம் கிழமையளவில் அலுப்பு வரும். 4ஆம் நூற்றாண்டு எகிப்திய பாலைவனத் துறவி எவாகிரியு அதை நண்பகல் பேய் என்றார்: நேரம் நகராது, இந்த இடம் சரியில்லை, வேறு இடத்துக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். இன்னொரு சபை நல்லது, இன்னொரு திட்டம் நல்லது என்று தோன்றுவதும் அதுதான். வறட்சிக் காலத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. மனம் தெளிந்த நாளில் மாற்றலாம்.

எட்டாம் கிழமைக்குக் கிட்ட வரும் போயா விடுமுறையை இதற்கென்று ஒதுக்குங்கள். கொழும்பில் மாதந்தோறும் எல்லாரும் ஓய்ந்திருக்கும் நாள் இது ஒன்றுதான். கோட்டையிலிருந்து ரயிலில் ராகமைக்குப் போய் தேவத்தை மாதா பசிலிக்கா வளவில் மர நிழலில் உட்காரலாம், இல்லையென்றால் உங்கள் ஆலயத்திலேயே அனுமதி கேட்டு இருக்கலாம். வேதமும் அந்தக் கொப்பியும் தண்ணீரும் சாப்பாட்டுப் பார்சலும் போதும், கைபேசி பையில் அணைந்து கிடக்கட்டும். எட்டுக் கிழமை வரிகளையும் முதலிலிருந்து வாசித்துவிட்டு, கலாத்தியர் 5:22, 23இல் வரும் ஒன்பது குணங்களையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: எது வளர்ந்திருக்கிறது, எது குறைந்திருக்கிறது. உணர்ச்சி எப்படி இருந்தது என்பதைவிட இந்தக் கேள்வி நம்பத்தக்கது. வீட்டுக்கு வந்து, கூட வாழ்கிற ஒருவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலுக்கு வாதாடாமல் அதையும் கொப்பியில் எழுதி, அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.